கரையில் அசையாதது

நாகமுத்து வந்து நின்றபோது மேகலா அலைச்சறுக்குப் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது ஒரு ஆள் போறதுதானே?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"கூட யாரும் வேணாமே?"

"மேல ஒருத்தர்தான் நிக்க முடியும்."

"அப்ப எனக்குக் கத்துக் கொடு."

மேகலா குழாயை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். அறுபதைத் தாண்டியவர். அதே குப்பத்துக்காரர். வாழ்நாளெல்லாம் இந்தக் கடலில் படகு ஓட்டியவர், சில வருடங்களாகக் கால்கூட நனைக்கவில்லை. ஃபைபர் படகு ஓட்ட நாலு பேராவது வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவராக உட்கார அவருக்கு மனமில்லை. கடலை விடவும் முடியவில்லை. வெளியூர் ஆட்கள் மேகலாவிடம் சர்ஃபிங் கற்றுக்கொண்டு, ஆளுக்கொரு பலகையில் தன்னந்தனியாக அலை மேல் வருவதைச் சவுக்குத் தோப்பில் நின்று பல நாள் பார்த்திருந்தார்.

"இந்த வயசுல எதுக்கு மாமா?"

"கடலுக்குப் போகணும். எவன் கையையும் எதிர்பார்க்காம போகணும். அவ்வளவுதான்."

"சரி. நாளைக்குக் காலையில வாங்க. ஆனா எங்கிட்ட கத்துக்கறவங்க என்னை மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க."

"உன்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடந்தவன்டி நான்."

"அது கரையில. இது தண்ணியில."

நாகமுத்து கடலை ஒரு முறை பார்த்தார்.

"சரி, மாஸ்டர்" என்றார். தொண்டையில் சிக்கிய மீன்முள் வெளியே வருவதுபோல அந்தச் சொல் வந்தது.

மறுநாள் காலையில் பலகையை மணலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆள் உயரத்தைவிட நீளமான பலகை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மேகலா பின்பக்கம் கை வைத்தாள்.

"விடு, நானே தூக்கறேன்."

"காத்து அடிக்குது, மாமா."

"நான் பார்க்காத காத்தா?"

அவள் விட்டுவிட்டாள். நாகமுத்து பலகையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நடந்தார். காற்று அதன் முனையைப் பிடித்துத் திருப்பியது. அவரும் சேர்ந்து திரும்பினார். மறுபடி கடல் பக்கம் திரும்பினார். காற்று அவரை ரோட்டுப் பக்கம் திருப்பியது.

மீன் காய வைத்துக்கொண்டிருந்த பாக்கியம் பார்த்துவிட்டாள்.

"யோவ் நாகமுத்து, யார் வீட்டு இஸ்திரி மேசைய்யா அது? திருப்பிக் கேக்கறாங்களா?"

"உன் வேலையைப் பாரு."

"கடலுக்குப் போன போட்டு வர்ற வரைக்கும் எனக்கு இதான்யா வேலை."

மணலில் பலகையைப் போட்டு மேகலா சொல்லிக்கொடுத்தாள். குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு கையாலும் துடுப்புப் போடுவதுபோலத் தள்ள வேண்டும். அலை தூக்கும்போது கையை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே துள்ளலில் எழ வேண்டும். நாகமுத்து எழுந்தார். படகில் நின்றே பழகிய கால்கள், ஆட்டமில்லாமல் நின்றன.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இது மண்ணு, மாமா" என்றாள் மேகலா.

தண்ணீரில் இடுப்பளவு ஆழத்துக்குப் போனார்கள். அவர் பலகையில் படுத்தார். முதுகுக்குப் பின்னால் அலை ஒன்று எழுந்து வந்தது. மேகலா பலகையின் வாலைப் பிடித்தாள்.

"என்ன பண்றே?"

"தள்ளி விடப் போறேன். புதுசா வர்றவங்களை மாஸ்டர்தான் தள்ளி விடணும். அப்பதான் அலையோட வேகம் கிடைக்கும்."

"கையை எடு."

"எடுத்துட்டேன்."

அலை அவருக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. அடுத்ததும் போயிற்று. அன்று காலை முழுவதும் அலைகள் அவரை ஒரு கட்டையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போயின. மேகலா கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு முறையும் அவளைக் கூப்பிடவில்லை.

பல நாட்கள் அப்படிப் போயின. தோள் வீங்கியது. வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட யாரும் கிடையாது. மனைவி இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எட்டிய இடத்தில் அவரே தேய்த்துக்கொண்டார். எட்டாத இடம் வலித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள், யாரும் தள்ளாமலே, ஒரு சின்ன அலை அவரை எடுத்துக்கொண்டது. எழுந்தார். நின்றார். நின்ற மறுகணமே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். விழுந்தார். காலில் கட்டியிருந்த கயிறு பலகையை இழுத்து வந்து அவர் மண்டையில் போட்டது.

மறுபடி எழுந்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். மறுபடி மண்டையில் அடி.

"ஏன் திரும்பறீங்க?" என்று மேகலா கேட்டாள்.

"அலையைப் பார்க்க வேணாமா?"

"அதுமேலதானே நிக்கறீங்க?"

"அதுக்குப் பின்னாடி வர்றதை?"

"அது வரட்டும்."

"குப்பத்துப் பொண்ணு பேசற பேச்சா இது? கடலுக்கு முதுகு காட்டாதேன்னு உங்கப்பன் உனக்குச் சொல்லலியா?"

அந்தக் குப்பத்தில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் சொல்வது அதுதான். படகிலிருந்து குதித்தாலும், வலை அலசினாலும், சும்மா கால் கழுவ நின்றாலும் முகம் கடலைப் பார்த்தே இருக்க வேண்டும். நாகமுத்துவின் கழுத்து வேறு எதற்கும் பழகவில்லை.

"சொன்னார்" என்றாள் மேகலா. "வாங்க, கரைக்குப் போகலாம்."

கரையில் அவள் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள்.

"அது வரைக்கும் நடங்க. ஆனா தலையைத் திருப்பி, விட்டு வந்த தடத்தையே பார்த்துக்கிட்டு நடக்கணும்."

"இது என்ன சின்னப்புள்ள விளையாட்டு?"

"நடங்க மாமா."

நடந்தார். தடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேராகத்தான் போகிறோம் என்று அவருக்கு நிச்சயமாக இருந்தது. காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது.

"யோவ்!" என்று பாக்கியம் கத்தினாள். "நெத்திலி மேலயாய்யா நடப்பே? கண்ணு முதுகுலயா இருக்கு?"

காய வைத்திருந்த நெத்திலியின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி எங்கேயோ இருந்தது. அவர் வந்த தடம் அரிவாள்போல வளைந்து கிடந்தது.

"நேராத்தான் வந்தேன்" என்றார்.

"உனக்கு நேரு. என் மீனு போச்சு. பொறுக்குய்யா."

நல்ல மீனையும் நசுங்கினதையும் பிரித்துப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அவர் மேகலாவிடம் வந்தார்.

"அப்ப எதைப் பார்க்கறது?"

"கரையைப் பாருங்க. கரையில அசையாம இருக்கற ஏதாவது ஒண்ணு. அதைப் பிடிச்சுக்குங்க. கண்ணு எங்க போகுதோ பலகை அங்க போகும்."

மறுநாள் கரையில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டார். அலை தூக்கும் வரை நாய் படுத்தே இருந்தது. அவர் எழுந்து நின்றதும் அதுவும் எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டு வடக்கே போயிற்று. அவர் கண்ணும் வடக்கே போயிற்று. விழுந்தார்.

ஐஸ் வண்டி ஒன்று நின்றது. அதைப் பார்த்தார். அவர் எழுவதற்கும் வண்டி கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அலையின் சரிவில் பலகை இறங்கியதும் சவுக்கு மரங்கள் அதை மறைத்துக்கொண்டன.

மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஒருவருக்குக் கரையில் மனைவி இருந்தாள், போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு. இன்னொருவருக்குப் பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நேராக வந்து மணலில் இறங்கினார்கள்.

"அசையாதது எதுவும் கிடைக்கலியா?" என்று மேகலா கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு" என்றார் நாகமுத்து. "அதை நான் பார்க்க மாட்டேன்."

மேகலா கரைப் பக்கம் திரும்பினாள். மேட்டில் ஏற்றிவைத்த பழைய படகு ஒன்று இருந்தது. அதன் நிழலில் காசிநாதன் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அவர் அங்கேதான் இருப்பார். கடற்கரையில் எந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்பது நாகமுத்துவுக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

"அவன் என்னையே பார்க்கறான்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கமே பார்க்கறதில்லையே."

நாகமுத்து பலகையை மணலுக்கு இழுத்து வந்து போட்டார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்து, அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே போட்டு. நான் சுக்கான், அவன் வலை. உனக்குத் தெரியும். கரைக்குக் கிட்ட அலை உடையற இடத்துல கவுந்துது. எல்லாரும் தண்ணியில. நான் ஏகப்பட்ட தண்ணி குடிச்சுட்டேன். கையை நீட்டறேன். அவன் எனக்கும் வலைக்கும் நடுவுல இருக்கான். இந்தப் பக்கம் என் கை. அந்தப் பக்கம் வலை. என்னைப் பார்த்தான், மேகலா. கண்ணுக்குக் கண்ணு பார்த்தான். பார்த்துட்டு வலையைப் பிடிச்சான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நானா கரை சேர்ந்தேன். அவனும் வலையும் சேர்ந்தாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்தினேன். என் பொண்டாட்டி செத்தப்பவும் வந்தான். வாசல்லயே நிறுத்தினேன்."

ஊர் அதை மறந்துவிட்டது. ஊருக்கு என்ன, தண்ணீர் குடித்தது ஊர் இல்லை.

"ஏன் வலையைப் பிடிச்சீங்கன்னு அவரைக் கேட்டீங்களா?"

"கேட்கல."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவான்."

மேகலா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

"அவனைத்தான் பார்க்கணும்னு சொல்றியா?" என்று அவர் கேட்டார்.

"நான் அசையாததைப் பார்க்கச் சொன்னேன்."

"பார்க்க மாட்டேன்."

"அப்ப விழுங்க."

அவர் விழுந்தார். நாள் நாளாக விழுந்தார். முழங்கால் சிராய்த்தது. ஒரு பல் ஆடத் தொடங்கியது. இந்தத் தோள் இன்னொரு வருடம் தாங்காது என்பது அவருக்கே தெரிந்தது. இப்போது நிற்காவிட்டால் இனிக் கடல் கிடையாது. யாராவது ஒருவனிடம் போய், ஓரமாக ஒரு இடம் கொடு என்று கேட்க வேண்டும். அதைவிட விழுவது மேல் என்று நினைத்தார்.

தை பிறந்து கடல் தெளிந்த ஒரு காலையில், மேகலா வேறு ஆட்களோடு தெற்கே போயிருந்தாள். படகுகள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. பாக்கியமும் சந்தைக்குப் போய்விட்டாள். நாகமுத்து தனியாகப் பலகையில் படுத்திருந்தார்.

நல்ல அலை ஒன்று வந்தது. தூரத்திலேயே அதன் முதுகு பளபளத்தது. நாலு முறை கையை வீசினார். பலகை தூக்கிக்கொண்டது. எழுந்தார். கரையைப் பார்த்தார்.

நாய் இல்லை, வண்டி இல்லை, மனிதர்கள் இல்லை. வெறும் மணல். அதன் நடுவில் காசிநாதன், மடியில் வலையோடு. தைக்கிற கை நின்றிருந்தது. முகம் இந்தப் பக்கம் இருந்தது.

பார்க்க வேறு எதுவும் இல்லாததால் நாகமுத்து அவரைப் பார்த்தார்.

பலகை நேரானது. காலுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பின்னால் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் கடலில் அப்படித் தெரியாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. காசியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அவனும் கிழவனாகிவிட்டான் என்பதை அப்போதுதான் கண்டார்.

பலகையின் அடி மணலைத் தொட்டது. விழாமல் இறங்கினார். எதிரே, கூப்பிடு தூரத்தைவிடக் குறைவாக, காசிநாதன் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நாகமுத்து பலகையைத் திருப்பிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார்.

அதன்பின் தினமும் நின்றார். அலை தூக்கும், எழுவார், காசியைப் பார்ப்பார், நேராக வந்து அவர் முன்னால் இறங்குவார். காசி தலையை லேசாக அசைப்பார். நாகமுத்து அதைக் காணாததுபோல முதுகைக் காட்டித் திரும்பிப் போவார். மறுபடி அடுத்த அலையில் வந்து இறங்குவார்.

பாக்கியத்தால் பொறுக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தினம் நேரா அவருகிட்டத்தான்யா வந்து இறங்கறே. ஒரு வார்த்தை பேசினா வாய் தேஞ்சிடுமா?"

"பலகை போற இடத்துக்கு நான் போறேன். பலகையைக் கேளு."

"அது உன்னைவிட நல்லா பதில் சொல்லும்."

மேகலாவிடம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "பார்த்தியா? எவனும் தள்ளல. எவனும் கை கொடுக்கல."

"பார்த்தேன்."

"அவனை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா. முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும்."

மாசி முடியும் சமயம். ஒருநாள் காலையில் அவர் பலகையோடு வந்தபோது படகின் நிழல் காலியாக இருந்தது. படகின் மேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

பலகையைக் கீழே வைத்தார். பிறகு பாக்கியத்தின் பக்கம் போய், கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன, எதையாவது தேடறியா?" என்றாள் பாக்கியம்.

"இல்ல."

"நேத்து ராத்திரி கிளம்பிட்டாரு. மங்களூர்ப் பக்கம், பெரிய போட்டுக்கு வேலைக்கு. இங்க வலை தைச்சு எத்தனை நாள் வயிறு நிறையும்?"

"யாரைச் சொல்றே?"

"உங்க தாத்தாவை." பாக்கியம் கூடையைக் கீழே வைத்தாள். "போறதுக்கு முன்னாடி சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னாராம். நீ உள்ள இருந்துக்கிட்டே விளக்கை அணைச்சியாமே?"

நாகமுத்து பலகையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் கேட்ட இருமலை அவருக்குத் தெரியும். முப்பது வருடம் ஒரே படகில் கேட்ட இருமல்.

அன்று கடல் நல்லபடியாக இருந்தது. அலைகள் ஒவ்வொன்றும் சீராக வந்தன. அவர் முதல் அலையில் எழுந்தார். கண் தானாகப் படகின் நிழலுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பிடிப்பு கிடைக்கவில்லை. இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் போயிற்று. விழுந்தார்.

இரண்டாவது அலையில் தார்ப்பாயைப் பார்த்தார். அது அசையவில்லைதான். ஆனால் அது அவரைப் பார்க்கவில்லை. விழுந்தார்.

வெயில் ஏறும் வரை விழுந்துகொண்டிருந்தார். பலகையில் உட்கார்ந்து கரையைப் பார்த்தபோது அது மிக நீளமாகத் தெரிந்தது. வடக்கே கண்ணுக்கு எட்டிய வரை மணல். தெற்கேயும் அப்படியே. அவரைச் சுற்றி ஒரு மனிதன் கிடையாது. ஒரு கை கிடையாது. அவர் கேட்டபடி கடல் முழுவதும் அவருக்கே இருந்தது. அவர் அதன் நடுவில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தார்.

மேகலா கொட்டகையில் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாகமுத்து வந்து தன் பலகையைக் கீழே வைத்தார். தாடையில் ரத்தம் கசிந்தது.

"இன்னைக்கு ஒரு தடவைகூட நிக்கல" என்றார்.

"பார்த்தேன்."

"கரை காலியா இருக்கு."

"ஆமா."

"நீ வந்து உட்காரேன்."

"நான் தண்ணியில இருக்கணும் மாமா. ஆட்கள் வர்றாங்க."

அவர் தாடையைத் துடைத்துக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொட்டகைக் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் அடுத்த பலகையை எடுத்து வைத்தாள்.

"எப்ப வருவானாம்?"

"ஆனி ஆகும்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் மழை பிடிச்சா திரும்பிடுவாங்களாம்."

"ஆனி."

"ஆமா."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது, மாஸ்டர்?"

மேகலா அவருடைய பலகையின் முன்முனையைப் பிடித்துத் தூக்கினாள். பின்முனை தரையிலேயே கிடந்தது. அவர் அதைத் தூக்கும் வரை காத்திருந்தாள்.

"அதுவரைக்கும் நிக்காம, பலகை மேல முட்டி போட்டு வாங்க, மாமா" என்றாள்.